லாசால் கவுண்டியின் நினைவுக்கற்களும் சின்னங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் ஸ்டார்வ்டு ராக் பூங்காவுக்கு ஒரு முறையாவது போயிருப்பார்கள். அருவியைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பாறை இருக்கும் லாசால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) முழுக்கவே நினைவுக்கற்களும் சிலைகளும் பழைய வீடுகளும் நிறைந்த இடம். அவற்றைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

லாசால் கவுண்டி சரியாக எங்கே இருக்கிறது?

இல்லினாய் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கிறது. சிகாகோவிலிருந்து தென்மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். ஐ-80 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கவுண்டி உருவானது 1831-ல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,10,000. தலைமை ஊர் ஒட்டாவா. கனடாவின் தலைநகர் இல்லை; ஃபாக்ஸ் ஆறு இல்லினாய் ஆற்றில் வந்து கலக்கும் இடத்தில் இருக்கும் சிறிய ஊர். லாசால், பெரு, யூட்டிகா, ஸ்ட்ரீட்டர் ஆகியவை மற்ற ஊர்கள்.

சாலையோரப் பலகைகளையும் கற்களையும் யார் வைக்கிறார்கள்? எல்லாம் அரசாங்கமா?

இல்லை. இல்லினாயில் மாநில வரலாற்றுச் சங்கம் 1934 முதல் பலகைகள் வைத்து வருகிறது. அது அரசுத் துறை அல்ல. உள்ளூர் அமைப்புகள் பணம் திரட்டி, வாசகத்தை எழுதி, சங்கத்தின் ஒப்புதலோடு நிறுத்துவது உண்டு. மாநிலச் சட்டமன்றம் பணம் ஒதுக்கி எழுப்பிய நினைவுத்தூண்கள் தனி. ஒரு குடும்பம் தன் செலவில் வைத்த கற்களும் இருக்கின்றன.

இவை தவிர, தேசிய வரலாற்று இடங்களின் பதிவேடு ஒன்று உண்டு. 1966-ல் வந்த சட்டத்தின் கீழ் அது நடக்கிறது. ஒரு வீடு அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டால் யாரும் அதைத் தொடவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனியார் சொத்தை அதன் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் மாற்றிக் கட்டுவதை அந்தப் பதிவு மட்டும் தடுக்காது.

என் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கல்லின் முன் நின்றாலும் இரண்டு ஆண்டுகளைத் தேடுங்கள்: சம்பவம் நடந்த ஆண்டு, கல்லை வைத்த ஆண்டு. முதலாவது பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் அடியில், சின்னதாக. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை வருஷம், அந்த இடைவெளியில் யார் பேசினார்கள், யார் பேச முடியாமல் இருந்தார்கள் என்று யோசித்தால்தான் கல் முழுதாகப் பேசும். கீழே வரும் பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால் எங்கே போவது?

ஒட்டாவாவின் வாஷிங்டன் சதுக்கம். 1858 ஆகஸ்ட் 21 அன்று ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் முதன்முதலாக மேடையில் மோதியது இங்கேதான். செனட் இடத்துக்கான போட்டி அது. மாநிலம் முழுக்க ஏழு ஊர்களில் விவாதம் நடத்த ஒப்புக்கொண்டிருந்தார்கள். முதல் ஊர் ஒட்டாவா. ஒருவர் ஒரு மணி நேரம் பேச வேண்டும், அடுத்தவர் ஒன்றரை மணி நேரம், பிறகு முதலில் பேசியவருக்கு அரை மணி நேரம். ஒட்டாவாவில் டக்ளஸ் ஆரம்பித்தார்.

ரயிலிலும் கால்வாய்ப் படகிலும் குதிரை வண்டியிலுமாக ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். கூட்டம் 10,000-க்கும் மேல் என்று அப்போதே மதிப்பிட்டார்கள். ஆகஸ்ட் வெயில், புழுதி. உட்கார இடம் கிடையாது. மேடைக்கு மேலே போட்டிருந்த பலகைக் கூரையில் சிலர் ஏறி உட்கார, பலகைகள் உடைந்து வரவேற்புக் குழுவினர் தலையில் விழுந்தன. அதையும் தாண்டி மூன்று மணி நேரம் மக்கள் நின்று கேட்டார்கள்.

இப்போது சதுக்கத்தின் நடுவில், நீரூற்றுக்கு மத்தியில் இருவருக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் அழகில் நின்றுவிடாமல் அன்றைய பேச்சையும் தேடிப் படியுங்கள். வெள்ளையர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இடையே சமூக, அரசியல் சமத்துவம் கொண்டுவரும் நோக்கம் தனக்கு இல்லை என்று லிங்கன் அந்த மேடையில் சொன்னார். அதே மூச்சில், தன் கையால் உழைத்துச் சம்பாதித்த ரொட்டியை யாருடைய அனுமதியும் இல்லாமல் உண்ணும் உரிமையில் ஒரு கறுப்பர் தனக்கும் டக்ளஸுக்கும், உயிரோடிருக்கும் எல்லோருக்கும் சமம் என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நாளின் லிங்கன் புரிவார். செனட் இடம் டக்ளஸுக்கே போனது. இரண்டே ஆண்டில் லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார்.

சதுக்கத்துக்கு எதிரே இருக்கும் பெரிய வீடு யாருடையது?

வில்லியம் ரெடிக் என்பவருடையது. விவாதம் நடந்த அதே 1858-ல்தான் கட்டி முடித்தார்கள். அவர் இறந்த பிறகு வீடு ஊருக்கு நூலகமாகப் போய், 1970-கள் வரை நூலகமாகவே இருந்தது. இப்போது அருங்காட்சியகம்.

ஒட்டாவாவில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் யாராவது இருந்தார்களா?

இருந்தார்கள். ஜான் ஹாசக் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கதை ஊருக்கு வெளியே அதிகம் தெரியாதது எனக்கு ஆதங்கம்தான். மர வியாபாரமும் தானிய வியாபாரமும் செய்தவர். ஆற்றைப் பார்த்த மேட்டில் 1854-ல் அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது, தேசியப் பதிவேட்டிலும் இருக்கிறது.

1859 அக்டோபரில், மிசூரியிலிருந்து தப்பி வந்து பிடிபட்ட ஜிம் கிரே என்பவரை ஒட்டாவா நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். தப்பிய அடிமைகள் சட்டத்தின்படி அவரை மத்திய அரசின் அதிகாரியிடம் கொண்டுபோக வேண்டும் என்று நீதிபதி சொன்னார். அந்த நிமிஷமே நீதிமன்றத்தில் இருந்தவர்கள் ஜிம் கிரேயை வெளியே தள்ளிக்கொண்டு போய், காத்திருந்த வண்டியில் ஏற்றித் தப்ப வைத்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஹாசக் ஒருவர். சிகாகோவில் வழக்கு நடந்தது. ஹாசக்குக்கு அபராதமும் சிறையும் கிடைத்தன. தண்டனைக்கு முன் அவர் நீதிமன்றத்தில் பேசிய உரை அச்சில் வந்து பரவியது.

லிங்கனும் டக்ளஸும் இந்த ஊரில் பேசியது 1858 ஆகஸ்டில். அந்தப் பேச்சைத் தங்கள் ஊர்ச் சதுக்கத்தில் நின்று கேட்ட மக்கள், பதினான்கு மாதம் கழித்து அதே ஊர் நீதிமன்றத்தில் ஒரு மனிதனை விடுவித்தார்கள். சதுக்கத்துக்குப் போகிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஹாசக்கின் வீட்டில் குடும்பம் வசிப்பதால் தெருவில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கையில் தூரிகையோடு நிற்கும் பெண்ணின் சிலை யாருடையது?

ஒட்டாவாவில் கிளின்டன் தெருவும் ஜெஃபர்சன் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது அந்த வெண்கலச் சிலை. ஒரு கையில் தூரிகை, இன்னொரு கையில் டியூலிப் பூ. கடிகார முகப்பின் மேல் நிற்கிறாள். ரேடியம் பெண்களுக்கான நினைவுச் சின்னம் அது. யாரோ ஒரு தனிப்பட்ட பெண்ணின் உருவம் அல்ல.

ரேடியம் டயல் என்ற கம்பெனி 1922-ல் ஒட்டாவாவில் ஒரு பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் தொழிற்சாலை திறந்தது. பக்கத்து ஊரான பெருவில் வெஸ்ட்கிளாக்ஸ் கடிகாரங்கள் செய்தார்கள். இருட்டிலும் மணி தெரிய அவற்றின் எண்களில் ரேடியம் கலந்த வண்ணம் பூச வேண்டும். பதின்ம வயதுப் பெண்களும் இருபது வயதுப் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். எத்தனை முகப்பு வரைகிறார்களோ அத்தனைக்குக் கூலி; அன்றைக்கு அது நல்ல சம்பளம். எண்கள் மிகச் சிறியவை. தூரிகையின் முனை கூராக இருக்க உதட்டில் வைத்துத் திரட்டு, வண்ணத்தில் தோய், வரை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போனது. ஆபத்து இல்லை என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் இருட்டில் தலைமுடியும் உடையும் மினுங்கும்.

உடம்புக்கு ரேடியமும் கால்சியமும் ஒன்றுதான். நேராக எலும்பில் போய்ப் படிந்துவிடும்; அங்கிருந்தபடியே கதிர்வீச்சை விட்டுக்கொண்டிருக்கும். பல் விழும், தாடை எலும்பு அரிக்கும், இடுப்பு நோகும், புற்றுநோய் வரும். நியூஜெர்சியில் இதே வேலை செய்த பெண்களின் வழக்கு 1928-ல் நாடு முழுக்கச் செய்தியானது. கம்பெனி ஒட்டாவா பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தியிருந்தது. முடிவை அவர்களிடம் சொல்லவில்லை. தங்கள் வண்ணத்தில் இருப்பது சுத்தமான ரேடியம், அதனால் பயப்பட வேண்டாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது.

கேத்தரின் உல்ஃப் டோனஹ்யூ என்பவரும் அவருடைய தோழிகளும் வழக்குப் போட்டார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலம்; வேலை கொடுத்த கம்பெனியை எதிர்க்கிறார்களே என்று ஊரில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1938 பிப்ரவரியில் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையம் ஒட்டாவாவில் விசாரணை நடத்தியது. நோய் தீராது என்று மருத்துவர் சாட்சி சொன்னபோது கேத்தரின் அங்கேயே சரிந்து விழுந்தார். மறுநாள் விசாரணையை அவர் வீட்டிலேயே நடத்தினார்கள். சோபாவில் படுத்தபடி சாட்சி சொன்னார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தது. அந்த ஜூலையிலேயே கேத்தரின் இறந்துபோனார். கடைசியில் 1939-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மனுவை ஏற்க மறுத்தது.

சிலை திறக்கப்பட்டது 2011 செப்டம்பரில். கேத்தரின் இறந்து 73 ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் ஊரின் இந்தக் கதையைப் படித்த ஒரு பள்ளி மாணவி, இதற்கு ஏன் ஒரு நினைவுச் சின்னம்கூட இல்லை என்று கேட்டு முயற்சி எடுத்ததில்தான் அது வந்தது. இந்தக் கவுண்டியில் எனக்கு மிக முக்கியமான சின்னம் எது என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பெண்களின் வழக்கால் பிறகு ஏதாவது மாறியதா?

மாறியது. உடலில் எவ்வளவு ரேடியம் இருக்கலாம் என்பதற்கு 1941-ல் அமெரிக்காவில் ஓர் உச்ச வரம்பு வைத்தார்கள்: 0.1 மைக்ரோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). முகப்பு வரைந்த பெண்களின் உடலில் அளந்த அளவுகளை வைத்துத்தான் அந்த எண்ணுக்கு வந்தார்கள். அதற்குப் பின் அணு ஆய்வுக்கூடங்களில் வேலை செய்தவர்களுக்கான பாதுகாப்பு விதிகள் இதன்மேல் எழுந்தவை. பல பெண்கள் பிற்காலத்தில் ஆய்வாளர்களுக்குத் தங்கள் உடலைப் பரிசோதிக்க ஒப்புக்கொண்டார்கள்.

தொழிற்சாலை இருந்த இடங்களில் மிஞ்சிய கதிரியக்க மண்ணை மத்திய சுற்றுச்சூழல் முகமை பல ஆண்டுகளாக அகற்றிவருகிறது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும்.

ஸ்டார்வ்டு ராக்கில் உண்மையிலேயே ஒரு இனமே பட்டினியால் செத்ததா?

பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை இது: 1769-ல் ஒட்டாவா இனத் தலைவர் பாண்டியாக்கை, இல்லினாய் என்ற பழங்குடிக் கூட்டமைப்பின் பியோரியா இனத்தைச் சேர்ந்த ஒருவர் கொன்றார். பழிவாங்க வந்த ஒட்டாவா, பொட்டவட்டாமி வீரர்கள் இல்லினாய் மக்களை இந்தப் பாறை உச்சிக்குத் துரத்தி, கீழே சூழ்ந்து நின்று, பட்டினியிலேயே சாகவிட்டார்கள்.

பாண்டியாக் கொல்லப்பட்டது உண்மை. முற்றுகைக் கதைக்கு அந்தக் காலத்து எழுத்துச் சான்று கிடையாது. ஆனால் அதற்கு முன் 1722-ல் இதே பாறையில் பியோரியா மக்களை ஃபாக்ஸ் இனத்தவர் முற்றுகையிட்டது பதிவாகியிருக்கிறது. பழைய நினைவு ஒன்று புதிய காரணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

கதையின் ஒரு பகுதியை மட்டும் உறுதியாக மறுக்கலாம். இல்லினாய் மக்கள் அழிந்துபோகவில்லை. பியோரியா, கஸ்காஸ்கியா முதலிய பிரிவுகளின் வாரிசுகள் ஒக்லஹோமாவில், பியோரியா இனம் என்ற பெயரில், மத்திய அரசின் அங்கீகாரத்தோடு இன்றும் வாழ்கிறார்கள். அவர்களை இங்கிருந்து மேற்கே தள்ளியது 19-ஆம் நூற்றாண்டின் ஒப்பந்தங்களும் குடியேற்றமும். 'கடைசி இல்லினாய் மனிதன் பாறையில் மடிந்தான்' என்ற கதை, நிலத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு வசதியான கதை. குழந்தைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாறையின் மேல் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை இருந்ததாகச் சொல்கிறார்களே?

இருந்தது. பிரெஞ்சுப் பயணி லா சாலும் அவருடைய துணைவர் ஹென்றி டொன்ட்டியும் 1682-83 குளிர்காலத்தில் செயின்ட் லூயி கோட்டையை அங்கே கட்டினார்கள். சுமார் 125 அடி உயரம், மூன்று பக்கம் செங்குத்து. காவலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தண்ணீரையும் விறகையும் மேலே சுமந்து மாளவில்லை. பத்து வருஷத்துக்குள் கோட்டையை பியோரியா ஏரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இப்போது மரப்படிகள் ஏறி உச்சிக்குப் போகலாம். கோட்டையின் சுவடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆறு தெரியும்.

இந்தப் பாறையின் மணற்கல் பற்றி ஒரு சின்னத் தகவல். இதே கல்லிலிருந்து வரும் வெள்ளை மணலைத்தான் அமெரிக்காவில் சிமெண்டின் வலிமையைச் சோதிக்கும் தர மணலாகப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு எண்ணூர் மணல் எப்படியோ, அவர்களுக்கு ஒட்டாவா மணல்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பழங்குடி ஊர் இருந்ததாமே, அதை ஏன் பார்க்க முடியவில்லை?

கஸ்காஸ்கியா மக்களின் பேரூர் அது. 1673-ல் பிரெஞ்சுப் பயணிகளான பாதிரியார் மார்க்கெட்டும் ஜோலியேயும் படகில் இந்த வழியாகப் போனபோது 74 வீடுகளை எண்ணினார்கள். சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கானோர் வாழும் இடமாக அது வளர்ந்தது. 1680-ல் இரோகுவா என்ற வேறொரு பழங்குடிக் கூட்டமைப்பின் படை வந்து அழித்தது. இப்போது மாநிலத்தின் பாதுகாப்பில் இருக்கும் அகழாய்வுத் தலம், மேலே புல்வெளிதான். மண்ணுக்குள் இருப்பதைக் கிளறாமல் விட்டிருப்பது நல்லதுதான். பாறை உச்சியில் நின்று வடக்கே, ஆற்றின் எதிர்க்கரையைப் பாருங்கள். ஊர் இருந்த சமவெளி அந்தக் கரையில்தான்.

பஃபலோ ராக் பூங்காவில் இருக்கும் மண் உருவங்கள் பழங்குடியினர் கட்டியவையா?

இல்லை. மைக்கேல் ஹைசர் என்ற கலைஞர் 1983-85-ல் செய்தவை. நிலக்கரி தோண்டிப் பாழான நிலத்தை மீட்கும் வேலையின் பகுதியாகப் பாம்பு, ஆமை, தவளை, கெளுத்தி மீன், நீர்ப்பூச்சி என ஐந்து பிரம்மாண்ட மேடுகளை அமைத்தார். பழைய மேடுகளின் மரபை மனதில் வைத்துச் செய்தவை என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. தரையில் நின்று பார்த்தால் உருவம் பிடிபடுவது கஷ்டம்.

ஷாபொனா பூங்காவின் நினைவுத்தூண் எதற்காக?

கவுண்டியின் வடபகுதியில், இந்தியன் கிரீக் ஓடையருகே இருக்கிறது. 1832 மே மாதம், பழங்குடித் தலைவர் பிளாக் ஹாக்கின் மக்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையே பிளாக் ஹாக் போர் நடந்துகொண்டிருந்தபோது, இங்கே குடியேறியிருந்த 15 பேரை, பெரும்பாலும் பொட்டவட்டாமியினரான ஒரு கூட்டம் கொன்றது. சில்வியா ஹால், ரேச்சல் ஹால் என்ற இரு சகோதரிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுமார் 11 நாளுக்குப் பிறகு விஸ்கான்சினில் மீட்புப்பணம் கொடுத்து மீட்டார்கள்.

ஏன் நடந்தது? வில்லியம் டேவிஸ் என்ற குடியேறி மரம் அறுக்கும் ஆலைக்காக ஓடையில் அணை கட்டினார். மீன் மேலே ஏறி வர முடியவில்லை. மேலே இருந்த பொட்டவட்டாமி கிராமம் அந்த மீனை நம்பி வாழ்ந்தது. அவர்கள் முறையிட்டார்கள், அவர் கேட்கவில்லை. அணையை உடைக்க வந்த ஒருவரைக் கம்பால் அடித்தார். அந்தக் கோபத்தில் போரும் வந்து சேர்ந்துகொண்டது. குழந்தைகளைக் கொன்றதை எந்தக் காரணமும் நியாயமாக்காது. ஆனால் அணையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது பாதிக் கதைதான்.

பொட்டவட்டாமி முதியவர் ஷாபொனா, தாக்குதல் வரப்போகிறது என்று குடியேறிகளை வீடு வீடாகக் குதிரையில் போய் எச்சரித்தார். பலர் தப்பியது அதனால்தான். டேவிஸ் நம்ப மறுத்துத் தங்கிவிட்டார். பூங்காவுக்கு ஷாபொனாவின் பெயர் வந்தது அந்த எச்சரிக்கைக்காக.

இங்கே இரண்டு கற்கள் உண்டு. சிறியது 1877-ல், மீட்கப்பட்ட ரேச்சலின் கணவர் வைத்தது. குடும்பத்தின் துக்கம் அது. 16 அடி உயரத் தூண் 1906-ல், மாநிலச் சட்டமன்றம் 5,000 டாலர் ஒதுக்கி எழுப்பியது. அந்த 1906-ல் பொட்டவட்டாமி இனத்துக்கு இல்லினாயில் சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட இல்லை. 1833 சிகாகோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களை மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்பியிருந்தார்கள்.

ஷாபொனாவுக்கு அதன்பின் என்ன ஆனது?

1829 ஒப்பந்தத்தில் பக்கத்து டெகால்ப் பகுதியில் 1,280 ஏக்கர் அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. தன் மக்களைப் பார்க்க மேற்கே போயிருந்த நேரத்தில், 1849-ல், அவர் கைவிட்டுவிட்டார் என்று சொல்லி அரசே நிலத்தை ஏலம் போட்டு விற்றது. தான் உயிரைக் காப்பாற்றிய மக்களின் நாட்டில் அந்த நிலத்தை இழந்தவராகவே 1859-ல் இறந்தார். அவர் கல்லறை கிழக்கே கிரண்டி கவுண்டியின் மாரிஸ் ஊரில் இருக்கிறது.

விஷயம் அத்தோடு முடியவில்லை. அவர் வாரிசுகளான பிரெய்ரி பேண்ட் பொட்டவட்டாமி இனத்தார் அந்தப் பழைய நிலத்தைச் சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கினார்கள். 2024 ஏப்ரலில் அதில் 130 ஏக்கரை மத்திய அரசு அவர்களுக்காகத் தன் பொறுப்பில் வைத்துக் காக்கும் நிலமாக ஏற்றது. இல்லினாயில் இப்படி அங்கீகாரம் பெற்ற முதல் பழங்குடி நிலம் அது. 2025-ல் ஷாபொனா ஏரி மாநிலப் பூங்காவை அவர்களுக்கே மாற்றித் தரும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். 175 ஆண்டு காத்திருப்பு. தூணைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே வடக்கே டெகால்ப் கவுண்டி வரை போய் வாருங்கள்.

லாசாலில் கால்வாய்ப் படகு சவாரி உண்டாமே?

உண்டு, பருவகாலத்தில். கோவேறு கழுதை இழுக்கும் படகு. இல்லினாய்-மிச்சிகன் கால்வாய் சிகாகோவிலிருந்து லாசால் வரை 96 மைல். 1836-ல் தோண்ட ஆரம்பித்து 1848-ல் திறந்தார்கள். பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளிகள், மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு வெட்டியது. நடுவில் மாநிலம் கடனில் மூழ்கி வேலை நின்றுபோனது. திறந்த முதல் மாதத்திலேயே நியூ ஆர்லியன்ஸ் சர்க்கரை இந்த வழியாக சிகாகோ போய், அங்கிருந்து ஏரிகள் வழியே பஃபலோவுக்குப் போனது. 1850-களில் ரயில் வந்து பயணிகளை எடுத்துக்கொண்டது. சரக்கு மட்டும் நெடுநாள் ஓடியது. 1933-ல் மூடினார்கள்.

லாசாலில் படகை ஏற்றி இறக்கும் கதவடைப்பு ஒன்றை, 14-ஆம் லாக், சீரமைத்து வைத்திருக்கிறார்கள். யூட்டிகாவில் 1848-ல் கட்டிய மணற்கல் சரக்குக் கிடங்கில் கவுண்டி வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒட்டாவாவில் சுங்கம் வசூலித்த சிறிய அலுவலகமும் உண்டு.

நார்வே என்று ஒரு ஊரே இருக்கிறதா?

ஆம். கிளெங் பியர்சன் என்பவர் வழிகாட்ட, 1834-ல் நியூயார்க் மாநிலத்திலிருந்து நார்வேஜியர்கள் ஃபாக்ஸ் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். மத்திய மேற்கில் அவர்களின் முதல் நிரந்தரக் குடியிருப்பு இது. குடியேறிகளுக்கான மாநில நினைவிடம் அங்கே இருக்கிறது. அதே ஊரில் சாலையோரம் ஒரு சிறு விமானம் மூக்கு மண்ணில் குத்தி நிற்கும். விபத்து அல்ல: 1980-களின் விவசாய நெருக்கடியில் நிலத்தை இழந்தவர்களுக்காக வைத்தது.

வேறு யாருக்கெல்லாம் சின்னங்கள் உண்டு?

துப்பாக்கி வீரர் வைல்டு பில் ஹிக்காக் 1837-ல் டிராய் குரோவ் ஊரில் பிறந்தார். அங்கே மாநில நினைவிடம் உண்டு. 1910-ல் அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸைத் தொடங்கிய டபிள்யூ. டி. பாய்ஸின் கல்லறை ஒட்டாவாவில். அருகில் 1941-ல் வைத்த ஸ்கவுட் சிலை. 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைடு டாம்பா பிறந்தது ஸ்ட்ரீட்டரில்.

லாசாலின் ஹெகலர் காரஸ் மாளிகையைத் தவறவிடாதீர்கள். துத்தநாகத் தொழிலதிபர் ஹெகலர் 1870-களில் கட்டிய வீடு. அவர் 1887-ல் தொடங்கிய ஓப்பன் கோர்ட் பதிப்பகம் தத்துவமும் மத ஒப்பீடும் வெளியிட்டது. மருமகன் பால் காரஸ் அதை நடத்தினார். ஜென் பௌத்தத்தை மேற்குக்கு அறிமுகம் செய்த டி. டி. சுசுகி 1897 முதல் பதினோரு ஆண்டு லாசாலில் தங்கி அவருக்காக மொழிபெயர்ப்பு வேலை செய்தார்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஸ்டார்வ்டு ராக்குக்கு ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். கோடையிலும் அக்டோபரிலும் சனி, ஞாயிறு மதியத்துக்குள் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அந்த நாட்களில் காலையில் பாறையை முடித்துவிட்டு மதியம் ஒட்டாவாவுக்கு வந்துவிடுங்கள். அருவிக்காகவே போகிறவர்கள் மழையோ பனி உருகலோ முடிந்த வசந்தத்தில் போகலாம். கோடையில் பல இடங்களில் வெறும் ஈரப் பாறைதான். ஜனவரி, பிப்ரவரியில் அருவிகள் உறைந்து நிற்கும், பாறைக்கு அருகில் உள்ள அணையில் வெண்தலைக் கழுகுகள் மீன் பிடிக்க வரும். ஷூவில் மாட்டும் ஆணிப்பட்டி இல்லாமல் அப்போது மரப்படிகளில் ஏற வேண்டாம். கால்வாய்ப் படகும் சில அருங்காட்சியகங்களும் குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.